தொலைப்பதற்கு எதற்கு விஷம்?

தூண்டில் போடுகிறவர்களிடம் ஒரு சின்னக் கணக்கு கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கரைக்குக் கொண்டுவந்த மீன் எத்தனை கிராம்? கடலில் அறுத்துவிட்டு வந்த ஈயம் எத்தனை கிராம்? மனசாட்சியோடு பதில் சொன்னால் நிறையப் பேருக்கு இரண்டாவது எண்தான் பெரிதாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று குண்டு போகும், ஒரு கிழங்கான் வரும். அதுவும் விரல் நீளத்துக்கு.

உடனே சண்டைக்கு வராதீர்கள். நான் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரி இல்லை. 'வேலைவெட்டி இல்லாதவன் தூண்டில் போடுவான்' என்று சொல்கிற ஆட்களோடு எனக்கு எப்போதும் தகராறுதான். எங்கள் விருத்தாசலத்துக்காரனுக்கு மணிமுத்தாறு என்றால் வருஷத்தில் பல மாதம் வெறும் மணல். அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கடல் இருக்கிறது. நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று ரயில் நேராகக் கடலூருக்கே போகிறது. அப்படியும் அவன் கடலை எதற்குப் பயன்படுத்துகிறான்? மாசி மகத்தில் ஒரு முழுக்கு, காணும் பொங்கலுக்குக் கால் நனைப்பது, ஒரு பொட்டலம் சுண்டல், திரும்ப பஸ். அலை எந்தப் பக்கம் இழுக்கிறது, பள்ளம் எங்கே இருக்கிறது, காற்று எப்போது திரும்பும் என்று ஒன்றும் தெரியாது. கையில் ஒரு தூண்டிலோடு இரண்டு மணி நேரம் நின்றவனுக்கு இதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அந்த வகையில் நீச்சல் வகுப்பைப்போல இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் சொல்லித்தருகிறவர்கள் முதல் பாடமே தப்பாகச் சொல்கிறார்கள்.

கடைக்குப் போகிறீர்கள். ராடு, ரீல், நரம்பு, முள் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கி மேஜைமேல் போடுவார். டமார் என்று விழும். "ஈயம் நிறைய வாங்கிக்கங்க சார், போயிட்டே இருக்கும்." அவர் பொய் சொல்லவில்லை. போய்க்கொண்டேதான் இருக்கும். எங்கே போகிறது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

எங்கே போகிறது என்று பார்ப்போம். மேல்நாட்டில் தூண்டில் போடக் கடலுக்குள் நீளும் மரப்பாலம் உண்டு. நமக்கு அந்த வசதி குறைவு. புதுச்சேரியில் இருந்த பழைய பாலம் 1952 புயலில் போனது. அதற்குப் பிறகு கட்டியதிலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. அதனால் நம்மவர்கள் ஏறி நிற்பது கடல் அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டிக் கட்டியிருக்கிற தடுப்புச் சுவர்களின் மேல். அதற்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயரே 'தூண்டில் வளைவு'. (யார் வைத்த பெயரோ, அழகான பெயர். பொதுப்பணித் துறைக்கும் எப்போதாவது கவிதை வரும்.) பாறை இடுக்கு என்றால் மீன் ஒதுங்கும் இடம். குண்டு மாட்டிக்கொள்ளும் இடமும் அதுதான். மாட்டினால் இழுப்பீர்கள், வராது. கையில் சுற்றி இழுப்பீர்கள், நரம்பு அறுந்து நீங்கள் பின்னால் விழுவீர்கள். குண்டு அங்கேயே நிற்கும். நூறு பேர் நூறு ஞாயிற்றுக்கிழமை நின்றால் அந்தப் பாறைக்கடியில் ஒரு ஈயச் சுரங்கமே உண்டாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழகிய ஆட்கள் குண்டைக் கட்டும்போதே, தொலையட்டும் என்று முடிவு செய்துதான் கட்டுகிறார்கள். முக்கிய நரம்பு எட்டுக் கிலோ தாங்கும் என்றால், குண்டுக்கு மட்டும் மூன்று கிலோ நரம்பில் ஒரு துண்டு. பாறையில் மாட்டினால் அந்தத் துண்டு மட்டும் அறுந்துபோகும். முள்ளும் மீனும் மிச்சம். நல்ல யோசனை, புதியவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டிய யோசனை. ஆனால் தொலைப்பதற்கென்றே கட்டுகிற பொருள் எதற்கு விஷமாக இருக்க வேண்டும்?

ஈயம் விஷமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்தை 2000-ல் இந்தியா முழுக்க நிறுத்தினார்கள். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017-ல் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் ரத்தத்தில் இந்த அளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காற்றிலிருந்து எடுத்தாகிவிட்டது, சுவரிலிருந்து எடுத்தாகிவிட்டது. தூண்டில் பெட்டியின் பக்கம் மட்டும் யாரும் திரும்பவில்லை.

'கடல் எவ்வளவு பெரிசு! என் அஞ்சு குண்டால கடல் செத்துடுமா?' சாகாது. ஒப்புக்கொள்கிறேன். உப்புத் தண்ணீரில் ஈயம் ஒரே நாளில் கரைந்து மீனைக் கொல்லும் என்று சொல்கிறவன் நான் இல்லை. பிரிட்டன் 1987-ல் ஈயக் குண்டுக்குத் தடை போட்டதுகூட ஆற்றிலும் ஏரியிலும் இருந்த அன்னங்களுக்காக. பறவைகள் இரையை அரைக்கச் சின்னக் கல்லை விழுங்கும். கல் என்று நினைத்து ஈயத்தை விழுங்கிய அன்னங்கள் கழுத்துத் தொங்கிச் செத்தன. தடைக்குப் பிறகு அன்னங்களின் எண்ணிக்கை ஏறியது. அங்கேயும் ஓர் அவுன்ஸுக்குக் கீழே இருக்கிற சின்னக் குண்டுகளுக்குத்தான் தடை. கடலில் வீசும் பெரிய குண்டைத் தொடவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கடிதம் போடுவீர்கள்.

ஆனால் நாம் வீசுவது நடுக்கடலிலா? கடலூர் முதுநகரில் உப்பனாறு கலக்கும் இடத்தில், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கலக்கும் இடத்தில், முழங்கால் ஆழச் சேற்றில் வீசுகிறோம். அது பறவைகள் மேயும் சேறு. சிப்பியும் நண்டும் இறால் குஞ்சும் வளரும் சேறு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல்வாழ் உயிரின ஆராய்ச்சிக்கென்றே பல பத்தாண்டுகளாக ஓர் உயராய்வு மையம் வைத்திருப்பது சும்மா இல்லை. அந்தச் சேற்றில் நடக்கிற உயிர்ப்பெருக்கம் அப்படி. ஏற்கெனவே உப்பனாற்றின் கரையில் சிப்காட் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. அவற்றை எதிர்த்து ஊர் மக்கள் வருஷக்கணக்கில் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஆசாமி நம் பங்கும் இருக்கட்டும் என்று ஈயத்தை வீசுவது என்ன நியாயம்?

எனக்கு இதைவிடப் பெரிய பயம் கடலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். அடுப்பும் ஒரு பழைய கரண்டியும் போதும். சனிக்கிழமை ராத்திரி சமையலறையிலேயே பழைய ஈயத்தை, சில பேர் பழைய பேட்டரித் தகட்டையே, உருக்கி மணல் அச்சில் ஊற்றிக் குண்டு செய்கிறார்கள். 'சொந்தமா செஞ்சேன் சார்' என்று பெருமை வேறு. பக்கத்தில் பிள்ளை நின்று வேடிக்கை பார்க்கும். புகையும் சாம்பல் தூசியும் அந்த அடுப்பங்கரையிலேயே படியும். மறுநாள் கரையில் அப்பா சின்ன ஈய மணியைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்துவார். பிள்ளையும் கடிக்கும். அதே கையால் சுண்டல். கடலுக்கு என்ன ஆகும் என்று விவாதம் செய்வதற்கு முன்னால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

இப்போது அடுத்த வாதம் வரும். 'ஈயம் இல்லாம தூரம் போகாதே சார்!'

தூரம் எதற்கு? அதைச் சொல்லுங்கள் முதலில். புதிதாகத் தூண்டில் எடுக்கிற எல்லோருக்கும் உள்ள வியாதி இது. கிரிக்கெட்டில் சிக்ஸர் அடிப்பதுபோல ஓடிவந்து சுழற்றி வீசுவார்கள். கரையில் தூண்டில் போடும் வித்தை கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. வீசுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். தூரத்தில் ஓரிடத்தில் அலை வெள்ளையாக உடையும். அங்கே மணல் திட்டு. அதைத் தாண்டி உள்ளே வந்ததும் அலை அடங்கி, தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரியும். அங்கே பள்ளம். மறுபடி கரையோரம் ஒரு தடவை உடையும். அந்தக் கருத்த பள்ளத்தில்தான் கிழங்கானும் கெளுத்தியும் மேயும். அலை புரட்டிப்போட்ட புழுவும் சின்ன நண்டும் அங்கேதான் சேரும். பல இடத்தில் அது கரையிலிருந்து இருபது முப்பது அடிதான். நீங்கள் நூற்றைம்பது கிராம் ஈயத்தை அதற்கு அந்தப் பக்கம் மணல் திட்டின் முதுகில் எறிந்துவிட்டு, 'இங்க மீனே இல்ல' என்று புலம்பிக்கொண்டு நிற்கிறீர்கள்.

தண்ணீர் ஏறும் நேரத்தில் போங்கள். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும் மீனுக்கு அது தெரியும். சின்ன முள், ஒரு துண்டு இறால் அல்லது கடற்புழு. நுனியில் பாரம், அதற்கு ஒரு சாண் மேலே கிளையாக ஒரு முள், இன்னொரு சாண் மேலே இன்னொன்று. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம், பாசி பிடித்த பாறையில் ரப்பர் செருப்போடு ஏற வேண்டாம். கெளுத்தி மாட்டினால் கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் இரண்டு பக்கத்திலும் விஷமுள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, வலி குறையாவிட்டால் டாக்டரிடம் ஓடுங்கள். ஊதிப் பெருக்கிற பேத்தை மீன் வந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். அதைச் சமைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி வேண்டாம், உயிர் போகும்.

பாரத்துக்கு என்ன செய்வது? அதற்குத்தான் எங்கள் ஊருக்கு வருகிறேன்.

விருத்தாசலம் பீங்கான் ஊர். பழமலைநாதர் கோயிலை வைத்து வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் தொழிற்பேட்டையை வைத்துச் சோறு தின்ற குடும்பங்கள் ஏராளம். அகல் விளக்கு, பொம்மை, கோப்பை, மின்சாரத்துக்கான ஃபியூஸ் கட்டை என்று சூளைச் சாமான். கழிவுநீருக்கான ஸ்டோன்வேர் குழாய் செய்ய அரசு ஆலையே இருந்தது. செராமிக் படிப்புக்கென்றே அரசு நிறுவனமும் இங்கே உண்டு. அப்புறம் என்ன ஆயிற்று? குழாயை பி.வி.சி. தின்றது. கோப்பையைச் சீனச் சரக்கும் காகித கப்பும் தின்றன. ஃபியூஸ் கட்டையை எம்.சி.பி. சுவிட்சு தின்றுகொண்டிருக்கிறது. தொழில் நசிந்தது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். புதிதாக என்ன செய்யலாம் என்று கேட்டால் மறுபடியும் கார்த்திகை விளக்குதான் பதில்.

உங்கள் விலை உயர்ந்த ராடை எடுத்து அதன் வளையங்களைப் பாருங்கள். நரம்பு ஓடுகிற வளையத்துக்கு உள்ளே கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு வழுவழுப்பான உள்வளையம் இருக்கும். பெரும்பாலும் அது செராமிக், அலுமினா வகை. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கட்டையும் அந்த ஜாதிதான். நரம்பு உரசி உரசி இரும்பில்கூடப் பள்ளம் விழும், இதில் விழாது. ஆக, மீன் பிடிப்பவன் பீங்கானை ஏற்கெனவே நம்பியிருக்கிறான். ராடின் வளையத்தில் நம்பியதை நரம்பின் நுனியிலும் நம்பலாமே? பல நாடுகளில் தீர்ந்துபோன ஸ்பார்க் பிளக்கையே குண்டாகக் கட்டி வீசுகிறார்கள். மெக்கானிக் கடையில் சும்மாவே கிடைக்கும், எண்ணெய் போகக் கழுவிக் கட்டினால் சரி. இது ஒன்றும் புதுமை இல்லை. சுட்ட மண்ணில் செய்த வலைக்குண்டுகள் நம் நாட்டு அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. ஈயத்துக்கு முன்னாலும் நம்மவர்கள் மீன் தின்றுதான் இருக்கிறார்கள்.

கணக்கில் ஏமாற்ற மாட்டேன். ஈயம் தண்ணீரைவிடப் பதினோரு மடங்குக்கு மேல் கனம். பீங்கான் சுமார் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கீழே. நூறு கிராம் ஈயம் தண்ணீருக்குள் தொண்ணூறு கிராம் கனம் காட்டும். அதே கனத்தைக் காட்டப் பீங்கான் நூற்றைம்பது, நூற்று அறுபது கிராம் வேண்டும். நெல்லிக்காய் அளவு ஈயத்துக்குப் பதில் எலுமிச்சம்பழம் அளவு பீங்கான். காற்றை அதிகம் வாங்கும், அதனால் தூரம் குறையும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்று முழு வேகத்தில் அடிக்கும்போது அலை அதை உருட்டிக்கொண்டு போகும். அந்த நாளில் புதியவருக்குக் கரையில் வேலை இல்லை, வீட்டில் பஜ்ஜி சாப்பிடலாம். மற்ற நாளில் அந்த முப்பது அடிப் பள்ளத்துக்கு எண்பது, நூறு கிராம் பீங்கான் தாராளம். ராடின் அடியில் எத்தனை கிராம் வரை வீசலாம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். தூரம் வீசித்தான் தீருவேன் என்கிற வீரர்கள் இரும்பு நட்டு போல்ட்டுக்குப் போகட்டும். துருப்பிடித்துக் கரைந்துபோகும், யாரையும் கொல்லாது.

'மீனவங்க வலையில ஈயம் இல்லையா? அவங்களைக் கேட்டீங்களா?' இதுவும் வரும், தெரியும். மீனவர் வலை ஈயத்தோடு போகிறது, ஈயத்தோடு திரும்புகிறது. வலை போனால் அவருக்குப் பிழைப்பே போச்சு. அவர் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார். 2004 டிசம்பர் 26-ம் தேதி தேவனாம்பட்டினத்தில் வீட்டோடு வலையையும் சேர்த்துப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் மாற்றுக் குண்டு மலிவாகக் கிடைத்தால் நல்லதுதான், அதைச் செய்துகொடுத்துவிட்டுப் பேசலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்குக்கு வந்து, வாரா வாரம் விட்டெறிந்துவிட்டுப் போகிற நாம் அவர்களைக் கைகாட்டுவது அசிங்கம்.

என் சொந்த ஊர்க்காரர்களிடமும் ஒரு கறார் பேச்சு உண்டு. பீங்கான் என்றாலே சுத்தம் என்று மார்தட்டாதீர்கள். மேலே பூசுகிற மெருகில், அதுவும் குறைந்த சூட்டில் சுடுகிற பளபள மெருகில், ஈயம் கலக்கும் வழக்கம் உலகம் முழுக்க இருந்தது, இன்னும் சில இடத்தில் இருக்கிறது. ஈயத்தை ஒழிக்கிறேன் என்று ஈய மெருகு பூசிய குண்டை விற்றால் சிரிப்பார்கள். மீனுக்கு என்ன மினுமினுப்பு வேண்டிக்கிடக்கிறது? மெருகே பூசாமல் 1,200 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டால் போதும்.

இன்றைக்கே தொடங்க நினைப்பவர் எந்தக் கடைக்கும் போக வேண்டாம், பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். வீடுகளில் எம்.சி.பி. மாட்டிக் கழற்றிப்போட்ட பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் குவிந்து கிடக்கும். பித்தளைத் தகட்டையும் திருகாணியையும் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுங்கள், அவருக்கு அதுதான் காசு. திருகாணி போன துளை நரம்பு கோக்கத் தயாராக இருக்கும். தட்டையாக இருப்பதால் மணலில் உருளாது. ஓரம் கூராக உடைந்திருந்தால் நரம்பை அறுக்கும், ஒரு கல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். சூளைகளில் விரிசல் விட்டு ஒதுக்கப்படும் சாமானுக்கும் இதே கதிதான் கொடுக்கலாம். சுட்ட பீங்கான் மறுபடி களிமண் ஆகாது, மேட்டில் கொட்டி வைப்பதற்குப் பதில் கடலோரம் வரட்டும்.

முறையாகச் செய்ய நினைக்கும் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஃபியூஸ் கட்டை அடிக்கும் கைப் பிரஸ்ஸுக்குப் புதிதாக ஒரு டை, அவ்வளவுதான். எண்பது கிராம், நூற்றிருபது கிராம் என்று இரண்டு அளவு. உருளாத தட்டை உருவம், ஓரம் மழுங்கல், எடையை மண்ணிலேயே அழுத்தி எழுதிவிடுங்கள். செராமிக் படிக்கும் பிள்ளைகளிடம் விட்டால் ஒரு செமஸ்டரில் வரைந்து, சுட்டு, கடலூர் ரயிலைப் பிடித்து, வீசியும் பார்த்துவிடுவார்கள். ஒன்றே ஒன்று: சூளையில் மண் சுருங்கும்போது துளையும் சேர்ந்து சுருங்கும். டையில் துளையைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள்.